நூற்று அறுபது புள்ளி மூன்று

காலை ஆறரை மணிக்கெல்லாம் சத்தியமங்கலம் முதுகு நிலையத்தின் திரையில் அன்றைக்கு நசுங்கியவர்களின் பட்டியல் வந்துவிடும். நசுங்கியவர்கள் என்றதும் பதற வேண்டாம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பதித்திருக்கிற நிலைக்கண், காலையில் முதல் தடவை வெளியே வருகிறவரின் உயரத்தை அளந்து வைத்துக்கொள்ளும். முந்தின காலையைவிட மூன்று மில்லிமீட்டர் குறைந்திருந்தால் எங்கோ ஒரு முள்ளெலும்பு உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அவருக்கு வலி தெரிவதற்கு முன்னால் எனக்குத் தகவல் தெரிந்துவிடும்.

வயதானால் முதுகு கூனும் என்று ஒரு காலத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டு கூனினார்களாம். இப்போது அதெல்லாம் கிடையாது. மாவு மில்லில் ராகியைக் கொடுத்துவிட்டு, "அரைச்சு முடிக்கறதுக்குள்ள முதுகை முடிச்சு உடுங்க" என்று வந்து படுக்கிறவர்கள் உண்டு. முடித்தும் விடுவேன். இருபத்திரண்டு நிமிட வேலை. குப்புறப் படுக்கவைத்து, தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, இரண்டு ஊசிகளை எலும்புக்குள் இறக்கினால், நிமிர்வி என்ற இயந்திரம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஊசி வழியாகச் சின்ன பலூன் ஒன்று உள்ளே போய் ஊதி, நசுங்கிய எலும்பைப் பழைய உயரத்துக்குத் தூக்கும். பலூன் வெளியே வந்ததும் அந்தப் பள்ளத்தில் எலும்புச்சாந்து இறங்கும். ஏழு நிமிடத்தில் அது உறையும். ஆறு மாதத்தில் சொந்த எலும்பாகவே மாறிவிடும். முதுகில் இரண்டு கொசுக்கடி அளவுக்குத் தழும்பு, அவ்வளவுதான்.

என் பெயர் பொற்கொடி. முள்வினைஞர். டாக்டர் இல்லை, டாக்டர் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு ஐந்து நிலையங்களைத் திரையில் மேய்க்கிறார். பன்னிரண்டு வருடத்தில் பதினோராயிரம் எலும்புகளைத் தூக்கி நிறுத்தியிருக்கிறேன். ஒன்றில்கூடச் சாந்து கசிந்ததில்லை. பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

நிமிர்வி தானாக எதையும் முடிவு செய்யாது. எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்பதை உடற்பதிவேட்டைப் பார்த்து எடுத்துக்கொள்ளும். ஓர் ஆளுக்கு ஒரே பதிவேடு. இருபது வயதை ஒட்டி முதன்முதலில் அரசாங்கம் அளந்த அளவுதான் அவருடைய பதிவு உயரம், சாகிற வரைக்கும் அதுதான். முன்னே ஆளாளுக்கு ஒரு எண்ணை எழுதி, பலபேர் முதுகைக் கெடுத்த பிறகு வந்த சட்டம் இது. நல்ல சட்டம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, பட்டியலில் மூன்றாவதாக இருந்தவர் சஷ்மிதா. பெயரைப் பார்த்ததுமே அறுபதைத் தாண்டியவர் என்று தெரிந்துவிட்டது. பெயரில் ஒரு 'ஷ' இருந்தால் 2010, 2020 வாக்கில் பிறந்தவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அணைக்காவல் படையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற அதே சஷ்மிதா மேடம். 2061 வெள்ளத்தில் மின்சாரம் போய், தானியங்கிகள் படுத்துவிட்டபோது, அணையின் மதகுச் சக்கரத்தைப் பத்தொன்பது மணி நேரம் கையால் சுற்றியவர். அன்றைக்கு அவர் சுற்றியிருக்காவிட்டால் இந்த ஊரே இருந்திருக்காது. அணையின் மேட்டில் பெயர்க்கல் ஒன்று நட்டிருக்கிறார்கள். அதில் இருக்கிற ஒரே பெண் பெயர் அவருடையது.

தேங்காய் மூட்டையைத் தூக்கும்போது முதுகில் 'சடக்' என்றதாம். இரண்டு நாளாக இடது கால் மரத்துப்போய், இன்றைக்குத்தான் வாசலைத் தாண்டினாராம். கணவர் நிதின்குமார் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு ஸ்கேன் எடுத்தேன். இடுப்பின் முதல் எலும்பு முன்பக்கம் நசுங்கியிருந்தது. பின்பக்கமாக ஒரு சில்லு பெயர்ந்து நரம்பைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. அதற்கும் நரம்புக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர்தான். மற்ற எலும்புகளெல்லாம் முப்பது வயதுக்காரியின் எலும்புகள்போல் அம்சமாக இருந்தன.

"மத்தியானத்துக்குள் முடித்துவிடு. இன்னும் சாய்ந்தால் கால் போய்விடும்" என்றார் கோயம்புத்தூர் டாக்டர்.

முடித்துவிடலாம் என்றுதான் நிமிர்வியின் திட்டத்தைத் திறந்தேன். ஒரு எலும்புக்குப் பதிலாக மூன்று எலும்பில் ஊசி போடச் சொன்னது. மேலே இருக்கிற நல்ல எலும்புகள் இரண்டையும் சேர்த்து ஊதப்போகிறதாம். நசுங்கிய எலும்பையோ அதன் அளவுக்கு மீறித் தூக்கப்போகிறதாம். அந்த அழுத்தத்தில் சில்லு நேராக நரம்பில் போய் இறங்கும்.

கணக்கைப் பார்த்தேன். பதிவு உயரம் நூற்று அறுபது புள்ளி மூன்று சென்டிமீட்டர். இன்றைய உயரம் நூற்று ஐம்பத்தைந்து புள்ளி ஆறு. வயதுக்கு இயல்பாகக் குறைவதைக் கழித்துவிட்டால், இரண்டு புள்ளி ஒன்பது சென்டிமீட்டர் எலும்பு நசுங்கியே போயிருக்க வேண்டும். ஸ்கேனிலோ ஒரு சென்டிமீட்டர்தான் காணாமல் போயிருந்தது. மிச்சம் ஒன்று புள்ளி ஒன்பது எங்கே போயிற்று?

எனக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. மேசை இழுப்பறையில் ஒரு தையல்காரர் டேப் வைத்திருக்கிறேன். முதுகு குறுகும், கை குறுகாது. இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினால் விரல்நுனிக்கும் விரல்நுனிக்கும் உள்ள தூரம், அநேகமாக அந்த ஆளின் இளவயது உயரம். மேடத்தைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்தேன். நூற்று ஐம்பத்தெட்டரை. இன்னொரு தடவை அளந்தேன். அதே நூற்று ஐம்பத்தெட்டரை.

"மேடம், படையில் சேரும்போது உங்களை அளந்தார்கள் இல்லையா..." என்று ஆரம்பித்தேன். வேலை நேரத்தில் எழுத்துத் தமிழ் பேசுவது எனக்கு வழக்கம், பயத்தில் அது இன்னும் கூடிவிடும்.

"அளந்தாங்க. அதுக்கென்ன இப்ப?"

"அந்த அளவு சரிதானா?"

அவர் முகம் போலீஸ்காரி முகமாக மாறியது. "யாரைப் பாத்து என்ன கேக்கறே அம்மணி?"

நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். மூன்று எலும்பு, ஆறு ஊசி. "பதிவு உயரம் தப்பாக இருந்தால் இது நல்ல எலும்பையும் உடைத்துவிடும். அந்தச் சில்லு நரம்பில் இறங்கினால் இடது கால் நிரந்தரமாகப் போய்விடும். கோயம்புத்தூர், சென்னை, எங்கே போனாலும் இதே பதிவேடு, இதே கணக்கு. வெட்டித் திறந்து கையால் செய்கிற ஆள் இந்த நாட்டில் இன்று உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. நீங்கள் பேசாமல் இருந்தால் நான் ஊசி போட மாட்டேன். போடாவிட்டாலும் கால் போய்விடும்."

"நீயே மாத்திப் போடு."

"என்னால் முடியாது மேடம். டாக்டராலும் முடியாது. உடம்புக்குச் சொந்தக்காரர் தன் வாயால் திருத்தம் சொன்னால்தான் இயந்திரம் கேட்கும். வீட்டாள் ஒருவர் சாட்சி இருக்க வேண்டும். சொன்ன அடுத்த நொடியே, முதலில் அளந்தவர்களுக்குத் தகவல் போய்விடும்."

முதலில் அளந்தவர்கள் என்றால் அணைக்காவல் படை. அவர்களுடைய சட்டம் எனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். தேர்வில் அளவில் ஏமாற்றியவர் எப்போது பிடிபட்டாலும் படைப்பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். பட்டியலில் இல்லாத பெயர் கல்லில் இருக்க முடியாது.

அவர் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்காரும்போது இடது காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருந்தது.

"நூத்தி அம்பத்தெட்டு புள்ளி நாலு" என்றார். "பொம்பளைங்களுக்கு நூத்தி அறுவது இருக்கோணும்னாங்க. மதகுச் சக்கரம் எட்டோணுமாம். ராத்திரி பூரா படுத்தே இருந்தா உசரம் ஏறும்னு எங்கூர்ல எல்லாருக்கும் தெரியும். மொத நாளு மத்தியானமே படுத்துட்டேன். விடிஞ்சதும் எங்கப்பா டெம்போவுல மெத்தை போட்டு, என்னைப் படுக்கவச்ச வாக்குலயே மைதானத்துக்குக் கொண்டாந்தாரு. அளக்கற பலகை வரைக்கும் ரெண்டு பேரு கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. வழியெல்லாம் ஆளுங்க சாவுன்னு நெனச்சு ஒதுங்கி நின்னாங்க. அதுல முக்கால் செண்டிமீட்டருக்கு மேல கெடைச்சுது. மிச்சத்துக்குத் தேன்மெழுகு. உருட்டி, உச்சந்தலையில வச்சு, மேல கொண்டையைப் போட்டுட்டோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் ஒரு நொடி சிரித்தார். சிரித்தது முதுகில் இழுத்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"பொறவு அந்தச் சக்கரம் எனக்கு எட்டவே இல்ல கண்ணு. வெள்ளத்தன்னைக்குச் சிமெண்டுச் சட்டி ஒண்ணைக் கவுத்துப் போட்டு, அது மேல ஏறி நின்னுதான் சுத்துனேன். அதைப் பாக்கறதுக்கு அன்னைக்கு அங்க ஒருத்தரும் இல்ல."

"சுற்றியது நீங்கள்தானே மேடம்?"

"சுத்துனது நான். கல்லுல பேரு நூத்தி அறுவதுக்குத்தான் குடுத்தாங்க."

மணி பத்தே கால். இந்த இடத்தில் வாயைத் திறந்து எதையாவது சொல்லி ஆளைத் தள்ளக் கூடாது என்று எனக்குத் தெரியும். காலும் அவருடையது, பெயரும் அவருடையது. அவர் தன் இடது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலை அசைக்கப் பார்த்தார். அசையவில்லை.

"அவரைக் கூப்புடு" என்றார்.

நிதின்குமார் உள்ளே வந்தார். சாட்சி எதற்கு என்று நான் சுருக்கமாகச் சொன்னேன். மேடம் இயந்திரத்தின் ஒலிவாங்கியைப் பார்த்து, அணிவகுப்பில் பேசுகிற குரலில், "சஷ்மிதா, வயது அறுபத்து மூன்று. என் பதிவு உயரம் தவறு. ஏமாற்றி வாங்கியது. சரியான உயரம் நூற்று ஐம்பத்தெட்டு புள்ளி நான்கு" என்றார். திரை ஒருமுறை மினுங்கியது. திருத்தம் ஏற்கப்பட்டது, மூல அளவீட்டாளருக்கு அனுப்பப்பட்டது என்று எழுத்து வந்தது.

நிதின்குமார் திரைக்குக் கிட்டே போய் எண்ணைப் படித்தார்.

"ஏம்புள்ள, நான் நூத்தி அம்பத்தொம்பது" என்றார்.

"தெரியுமுங்க."

"முப்பத்தெட்டு வருசமா என்னைவிட நீ உசரம்னு நெனச்சு, கல்யாண போட்டோவுல இருந்து படிமேல ஏறி நின்னுட்டு இருக்கறேன்."

"அதுவும் தெரியுமுங்க. நான் குள்ளமாத் தெரிஞ்சப்பெல்லாம், உங்களுக்காகக் குனிஞ்சு நிக்கறேன்னு நெனச்சுக்கிட்டீங்க."

"கழுதை, சொல்லித் தொலைஞ்சிருக்கலாமில்ல" என்றவர் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. எனக்கு ஊசி போட இடம் வேண்டும் என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் தலைமாட்டுப் பக்கம் நகர்ந்தார்.

நிமிர்வி புதுத் திட்டம் போட்டது. ஒரு எலும்பு, இரண்டு ஊசி, ஒரு சென்டிமீட்டர். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று முதலிலிருந்தே என் கை சொல்லிக்கொண்டிருந்தது. ஊசிகள் இறங்கின. எக்ஸ்ரே திரையில் பலூன் மெல்ல உப்பியது. ஒரு மில்லிமீட்டர், மூன்று, ஆறு. எலும்பின் மேல்தட்டு நிமிர்ந்தது. சாய்ந்திருந்த சில்லு, இழுத்துவிட்டதுபோல் தன் இடத்துக்குத் திரும்பியது. ஒன்பதரையில் நிறுத்தினேன். மிச்ச அரை மில்லிமீட்டருக்கு ஆசைப்படக் கூடாது. சாந்து இறங்கியது. ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை.

"இனி ஏழு நிமிடம் அசையக் கூடாது மேடம். பேசலாம். கால் விரலை மட்டும் நான் சொல்லும்போது ஆட்டுங்கள்."

எல்லோரும் அந்த ஏழு நிமிடத்தில் ஏதாவது பேசுவார்கள். பெரும்பாலும் மருமகள்களைப் பற்றி. மேடம் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு, "செவ்வந்தி" என்றார்.

"யாருங்க அது?" என்றார் நிதின்குமார்.

"2057-ல நான் ஆளெடுப்பு இன்ஸ்பெக்டர். எண்ணூறு பொண்ணுங்க வந்தாங்க. அளக்கறதுக்கு முந்தி ஒவ்வொருத்தி தலையிலயும் கைய உட்டுப் பாப்பேன். எங்க பாக்கோணும்னு எனக்குத்தான் நல்லாத் தெரியுமே. பெரிய கெட்டிக்காரின்னு எல்லாரும் சொன்னாங்க. தாளவாடியில இருந்து வந்த புள்ள, செவ்வந்தின்னு பேரு. தலையில கைய வச்சதும் மெழுகு தட்டுப்பட்டுது. எண்ணூறு பேத்துக்கு முன்னால கொண்டையை அவுத்து, மெழுகை எடுத்துக் காமிச்சு, மைதானத்தைச் சுத்திக் கட்டியிருந்த கயித்துக்கு வெளிய தள்ளி உட்டேன். கை நடுங்கவே இல்ல எனக்கு. அவ என் பக்கத்துல நின்னா. என்னைவிட உசரம் அவ."

நான் மணியைப் பார்த்தேன். இன்னும் மூன்று நிமிடம்.

"அம்மணி, அந்தத் திருத்தத்துல இன்னும் ஏதாச்சும் எழுத எடம் இருக்குதா?"

"குறிப்பு என்று ஒரு பகுதி இருக்கிறது மேடம்."

"எழுது. நானே சொல்றேன்." செவ்வந்தியின் பெயர், ஊர், ஆண்டு எல்லாவற்றையும் சொன்னார். 'நான் செய்ததையே செய்தவரை நான் வெளியேற்றினேன்' என்ற வரியோடு முடித்தார். பிறகு நான் கேட்காமலேயே இடது கட்டைவிரலை ஆட்டினார். நன்றாக ஆடியது. எனக்கு அழுகை வந்தது. வேலை செய்கிற இடத்தில் அழக் கூடாது என்பதால் கையுறையைக் கழற்றப் போய்விட்டேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு, அவர் ஓய்வறையில் மல்லாந்து படுத்திருந்தபோது, சுவர்த்திரையில் படையின் துணை ஆணையர் எழிலன் வந்தார். மேடத்திடம் பயிற்சி பெற்றவராம். பேச்சில் மரியாதை இருந்தது.

"மேடம், உங்க திருத்தம் வந்துச்சு. நாங்க எல்லாரும் பேசுனோம். நீங்க சேந்த 2038-ல பயன்படுத்துன அளவுப்பலகை ரொம்பப் பழசு. கருவிக் கோளாறுன்னு எழுதிக்கலாம். உங்க பேருக்கு ஒண்ணும் வராது, கல்லும் அப்படியே இருக்கும். அந்தக் குறிப்பை மட்டும் எடுத்துட்டா போதும்."

நிதின்குமார் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. காலும் பிழைத்தது, பெயரும் பிழைக்கட்டுமே.

"பலகை சரியாத்தான் அளந்துச்சு எழிலா" என்றார் மேடம். "என் மெழுகையும் சேத்து அளந்துச்சு, அவ்வளவுதான். அது மேல பழியைப் போட்டா, என்னோடது கருவிக் கோளாறு, அந்தப் புள்ளையோடது திருட்டுன்னு ஆயிடும். அது ஆகாது. குறிப்பு இருக்கட்டும்."

"கல்லுல இருந்து எடுக்க வேண்டி வரும் மேடம்."

"எடுத்துக்கங்க. என்ன எழுதி இருந்தாலும் சக்கரத்தைச் சுத்துனது சுத்துனதுதான்."

சாயங்காலம் நான்கு மணிக்கு அவர் எழுந்து நின்றார். கைத்தாங்கல் வேண்டாம் என்றார். வாசல்வரை நடந்து, திரும்பி வந்து, மறுபடியும் நடந்து காட்டினார். நான் செய்த பதினோராயிரத்துச் சொச்சம் எலும்புகளில் அதற்குத்தான் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

அடுத்த மாதம் கல்லிலிருந்து அவர் பெயரைச் செதுக்கி எடுத்தார்கள். ஊரில் பாதிப் பேர் கோபப்பட்டார்கள், பாதிப் பேர் அப்படித்தான் செய்ய வேண்டும் என்றார்கள். ஆனால் யாரும் எதிர்பார்க்காத ஒன்று படைச் சட்டத்திலேயே இருந்தது. தகுதியில்லாத அதிகாரி எடுத்த முடிவுகள் செல்லாது. மேடம் அணையைக் காத்தது முடிவு அல்ல, கடமை. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆளெடுப்பில் அவர் வெளியே தள்ளிய முப்பத்தொரு பேரின் வெளியேற்றம் செல்லாமல் போயிற்று. அவர்களையெல்லாம் மறுபடியும் அழைத்து அளக்க வேண்டும். அன்றைய வயதே வயது, அன்றைய விதியே விதி. ஆனால் எல்லோருக்கும் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டதே, முதுகை எப்படி நம்புவது? பதிவேட்டையும் நம்பி ஒருமுறை ஏமாந்தாயிற்று. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். கையை நீட்டச் சொல்லி டேப்பால் அளக்கிற முறைக்கு அரசாங்கமே முத்திரை குத்தியது.

புரட்டாசியில் ஒரு காலை, அணைக்குக் கீழே இருக்கிற அதே ஆளெடுப்பு மைதானம். முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட இருந்தார்கள். சிலர் வேடிக்கைக்கு வந்தோம் என்றார்கள். பந்தலுக்குள் எழிலன் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். சஷ்மிதா மேடம் சாட்சியாக வந்து, ஓரத்தில் நின்றார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

பதினோராவது ஆள் செவ்வந்தி. தாளவாடி மலையில் முட்டைக்கோஸ் ஏற்றுகிற தானோட்டி லாரிகளுக்கு மேற்பார்வை பார்க்கிறார். நாற்பத்து மூன்று வயது, வெயிலில் கறுத்த முகம், அலட்சியமான நடை. யாரும் கேட்காமலே கொண்டையை அவிழ்த்து முடியை முதுகில் விட்டார். "ஒண்ணும் இல்லைங்க, பாத்துக்கங்க" என்றார். மேடம் தலையைக் குனிந்துகொண்டார்.

பலகையோரம் நிற்கவைத்துக் கையை நீட்டச் சொன்னேன். ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி. டேப்பைப் பார்த்தேன். நம்பாமல் மறுபடியும் அளந்தேன். எழிலனும் எழுந்து வந்து பார்த்தார்.

"நூற்று அறுபத்தொன்று புள்ளி இரண்டு" என்றேன்.

"இன்னொருக்கா சொல்லு" என்றார் மேடம்.

சொன்னேன். அவர் கிட்டே வந்து டேப்பைத் தன் கண்ணால் பார்த்தார்.

"உனக்கு மெழுகே தேவையில்லையே புள்ள" என்றார். "பொறவு எதுக்கு வச்சே?"

"எல்லாரும் வச்சாங்க. வைக்காம போறதுக்குப் பயமா இருந்துச்சுங்க" என்றார் செவ்வந்தி. கோபமாகச் சொல்லவில்லை, பழைய கதையைச் சொல்வதுபோல் சொன்னார். "எங்கூட்டுச் செவுத்துல அளந்து பாத்துட்டுத்தான் வந்தேன். உசரம் இருக்குதுன்னு எனக்குத் தெரியும். மெழுகை எடுத்தாச்சில்ல, இனிக் கூப்புட்டு அளப்பீங்கன்னு நெனச்சேன். கயித்துக்கு வெளியவே சாயங்காலம் வரைக்கும் நின்னேனுங்க."

நான் டேப்பைச் சுருட்டினேன்.

"நீ நின்னதைப் பாத்தேன்" என்றார் மேடம். "மூணு தடவை பாத்தேன். கூப்புட்டு அளந்தா, என்னையும் யாராச்சும் அளக்கச் சொல்லிருவாங்களோன்னு பயம். அதான் கூப்புடலை."

அவர் அழுதார். வெள்ளத்தில் பத்தொன்பது மணி நேரம் நின்ற ஆள், பத்தொன்பது பெண்களுக்கு முன்னால், முகத்தை மூடாமல், நிமிர்ந்து நின்றபடியே அழுதார். செவ்வந்தி அவரைத் தேற்றவில்லை. தேற்ற வேண்டும் என்று அவருக்கு என்ன தலையெழுத்து? கண்ணீர் அடங்குகிற வரைக்கும் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழிலனின் மேசைக்குப் போனார்.

"இப்பச் சேந்தா எத்தனை வருசம் வேலை பாக்கலாமுங்க?"

"பதினேழு வருசம்."

"போதும், குடுங்க" என்று படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். உயரம் என்ற கட்டத்தை மட்டும் நிரப்பாமல், பேனாவை எடுத்துவந்து சஷ்மிதா மேடத்தின் கையில் கொடுத்தார். "இதை நீங்களே எழுதுங்க. உங்க கையெழுத்துல இருக்கட்டும்."

மேடம் எழுதினார். கை நடுங்கியதால் எழுத்து கோணலாக வந்தது, ஆனாலும் எண் தெளிவாகத்தான் இருந்தது.